எலும்பு கண்டவுடனே மண்வெட்டியைத் தூக்காதேங்கோ

2025ல யாழ்ப்பாணம் செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில மனிதப் புதைகுழியைக் கிண்டத் தொடங்கின பிறகு, இவ்வளவு நாளும் வாய் திறக்காம இருந்த குடும்பங்கள் கூட வந்து "காணாமப் போன எங்கட ஆளை எப்பிடித் தேடுறது" எண்டு கேக்கினம். கனபேர் நாங்கள் அந்த நாளில விட்ட அதே பிழையளைத்தான் திரும்ப விடினம். திகதியை எழுதி வையுங்கோ, பேப்பரைத் தொலைக்காதேங்கோ எண்டதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விடுறன்.

தாங்களே கிண்டுறது

இதை நினைச்சா இப்பவும் எனக்கு வயிறு எரியும். 2009ல முள்ளிவாய்க்கால், மாத்தளன் பக்கம் செல்லடிக்குள்ள செத்த ஆக்களைச் சனம் பங்கருக்குள்ளயே வைச்சு மண்ணைத் தள்ளிப்போட்டு ஓடினது. பிறகு மீள்குடியேறி வந்து காணி துப்புரவாக்கேக்க எலும்பு தெரிஞ்சா, இது எங்கட பிள்ளைதான் எண்டு முடிவெடுத்துக் கிண்டிடுவினம். ஒரு வீட்டில அப்பிடித்தான், அண்ணன் தம்பி சேந்து கிண்டி, உரப்பையில அள்ளி, கிணத்தடியில வைச்சுக் கழுவி, ஐயரைக் கூப்பிட்டுக் கிரியை செய்து எரிச்சு, கடல்ல கரைச்சிட்டினம். அந்தத் தாய்க்கு ஒரு ஆறுதல் கிடைச்சது, அதை நான் பிழை சொல்லேல்லை. ஆனா கொஞ்ச நாளால பக்கத்துக் காணி அம்மா வந்து "தம்பி, என்ர மகனும் அந்தப் பங்கருக்குள்ளதானே கிடந்தவன்" எண்டு கேட்டா. அள்ளினது ஒராளின்ரயா, ரெண்டு பேரின்ரயா, ஆரின்ர? எரிச்ச எலும்பில டிஎன்ஏ எடுக்கிறது அநேகமா சரிவராது. அந்த அம்மாவுக்கு என்ன பதில் சொல்லுறது?

ஒரு ஆளுக்கு 206 எலும்பு, ஒரு கையில மட்டும் 27. மண்வெட்டி போட்டா விரல் எலும்பெல்லாம் மண்ணோட போயிடும். அதை விடப் பெரிய இழப்பு என்னெண்டா, ஆள் எப்பிடிக் கிடந்தது, கை பின்னால கட்டியிருந்ததா, கீழ மண்ணுக்குள்ள சன்னம் இருந்ததா எண்டதெல்லாம் ஒருக்காக் கலைஞ்சா கலைஞ்சதுதான். செல்லடியில செத்ததா, பிடிச்சுக்கொண்டு போய்ச் சுட்டதா எண்டு அந்தக் கிடையை வைச்சுத்தான் பாப்பினம். வீட்டு மூலையில பைக்குள்ள கிடந்த எலும்பைக் கொண்டுபோய் கோர்ட்டில என்னத்தை நிரூபிக்கிறது?

எலும்பு தெரிஞ்சா கையை எடுங்கோ. நாய், மாடு வராம மூடி விடுங்கோ, தள்ளி நிண்டு போட்டோ எடுங்கோ, போனில லொக்கேஷனைச் சேவ் பண்ணுங்கோ, பொலிஸில முறைப்பாடு குடுத்து நம்பரை வாங்குங்கோ, அண்டைக்கே ஒரு லோயரைப் பிடிச்சு நீதவானுக்கும் தெரியப்படுத்துங்கோ. நீதவான்ர கட்டளையோடதான் சட்ட வைத்திய அதிகாரி வந்து அகழ்வு நடக்கும். முல்லைத்தீவு கொக்குத்தொடுவாயிலயும் 2023 ஜூன்ல தண்ணிக் குழாய்க்கு வெட்டேக்கதான் முதல் எலும்பு தெரிஞ்சது, கோர்ட்டுக்குப் போய், அடுத்த வருசம் முடியேக்க 52 பேரின்ர எச்சங்கள் முறைப்படி எடுத்திருந்தினம். மெதுவாத்தான் நடக்கும், ஆனா அதுதான் வழி.

உடுப்பைப் பாத்து முடிவெடுக்கிறது

செம்மணியில எடுத்த உடுப்பு, சாமான்களை 2025 ஆகஸ்ட்ல சனத்துக்குக் காட்டினவை. ஒரு சின்னப் பிள்ளையின்ர எலும்போட நீல யுனிசெப் ஸ்கூல் பாக் வந்தது எல்லாருக்கும் தெரியும். அதே பாக் எத்தினை பிள்ளையளின்ர தோளில கிடந்தது! நிறத்தையும் டிசைனையும் மட்டும் வைச்சு இது என்ர பிள்ளை எண்டு கையெழுத்து வைக்காதேங்கோ, அது வேற ஒரு தாயின்ர பிள்ளையா இருக்கலாம். ஒரு அம்மா சொன்னா, மகன்ர சேட்டில மூண்டாவது தெறி விழுந்து, வீட்டில வெள்ளை நூல் இல்லாம கறுப்பு நூலால தான் தைச்சவ எண்டு. அப்பிடியான விசயம்தான் தேவை. உடைஞ்சு பொருந்தின கை, காலுக்குள்ள நிண்ட செல் துண்டு, ஒபரேஷன்ல வைச்ச பிளேட், கழட்டின பல், எல்லாத்தையும் எந்தப் பக்கம் எண்டதோட எழுதுங்கோ. பாஸ்போட் படத்தை விட, கலியாண வீட்டில பல்லுத் தெரியச் சிரிச்ச படம் கனக்க உதவும்.

ஒரு ரிப்போட்டோட வீட்டுக்குப் போறது

மன்னார் சதொச கடைக் காணிப் புதைகுழியில 300க்கு மேல எலும்புக்கூடுகள் எடுத்தது. ஆறு மாதிரியை அமெரிக்காவுக்கு அனுப்பி 2019 மார்ச்ல எலும்பின்ர வயசு சொல்லுற காபன் ரிப்போட் வந்தது, பல நூறு வருசம் பழசு எண்டு. அதோட கனபேர் சோர்ந்து போட்டினம். காபன் பரிசோதனை எந்தக் காலம் எண்டுதான் சொல்லும், ஆர் எண்டு சொல்லாது. மாதிரி எந்த எலும்பில, எந்த ஆழத்தில எடுத்தது எண்டு லோயர் மூலமாக் கேளுங்கோ.

ஒரிஜினல் போட்டோ, கடிதம்

ஆர் கேட்டாலும் ஒரிஜினலைக் குடுக்காதேங்கோ. போட்டோக் கொப்பி மட்டும்.

காசு தந்தா புதைச்ச இடம் காட்டுறன் எண்டு வாறவை

சதமும் குடுக்காதேங்கோ.

ரத்த மாதிரியைப் பிந்தப் போடுறது

எலும்பின்ர டிஎன்ஏயோட ஒப்பிட, காணாமப் போன ஆளின்ர தாய், தகப்பன், பிள்ளையள், இவையின்ர மாதிரிதான் நல்லாப் பொருந்தும். அம்மாமார் ஒவ்வொருத்தராப் போய்க்கொண்டிருக்கினம், அதால இப்பவே கோர்ட்டில கேளுங்கோ. அம்மா இல்லையெண்டா அவவின்ர கூடப்பிறந்தவை, அவவின்ர அக்கா தங்கச்சியின்ர பிள்ளையள் வரலாம், தாய்வழி வாற டிஎன்ஏ இவைக்கெல்லாம் ஒண்டுதான். சித்தப்பான்ர மகனைக் கூட்டிக்கொண்டு வந்தா பிரயோசனம் குறைவு. வெளிநாட்டில இருக்கிற சகோதரத்தின்ர பேர், நம்பரையும் அதே பேப்பரில எழுதி விடுங்கோ.