கண் ஃபோகஸ் இறுகிப் போச்சுன்னா உடனே ஆபரேஷனா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

தூரத்துல வர்ற பஸ்ஸோட போர்டு மங்கலா தெரியுது, தலைவலி வேற, புது கண்ணாடி போட்டா கொஞ்ச நாள்ல அதுவும் பத்தல. எல்லாரும் இத கிட்டப்பார்வைன்னு முடிவு பண்ணிடுறாங்க. ஆனா சிலருக்கு கண்ணுக்குள்ள இருக்குற சிலியரி தசை, கிட்டத்துல பாக்குறப்ப இறுகுற மாதிரியே இறுகி, தளராம நின்னுடுது, அதனால இல்லாத மைனஸ் பவர மெஷின் இருக்குன்னு காட்டும். இதத்தான் அக்காமடேஷன் ஸ்பாசம்னு சொல்றாங்க.

இதுல முதல் தப்பே சொட்டு மருந்து விடாம பவர் பாக்குறதுதான். சைக்ளோபென்டோலேட் மாதிரி டிராப்ஸ் விட்டு அரை மணி, முக்கால் மணி நேரம் உக்காந்திருந்தாதான் தசை தளர்ந்து உண்மையான பவர் தெரியும். அன்னிக்கு படிக்க கஷ்டம், வெளிச்சம் கூசும், வண்டி ஓட்டக்கூடாது, அதனால நிறைய பேர் வேணாம்னு சொல்லிடுறாங்க, தயவுசெஞ்சு அப்படி சொல்லாதீங்க.

அதவிட பெரிய தப்பு லாசிக்னு சொல்ற லேசர் ஆபரேஷன். அது கருவிழியோட வளைவ மாத்துற வேலை, இங்க கோளாறு உள்ள இருக்குற தசையில. பொய்யான மைனஸுக்கு லேசர் பண்ணிட்டு அப்புறம் தசை தளர்ந்துச்சுன்னா ப்ளஸ் பவர் வந்து நிக்கும், செதுக்கி எடுத்த திசுவ திரும்ப வைக்கவும் முடியாது.

மருந்துக்கு அடங்காத ரொம்ப சிலருக்கு, குறிப்பா தலையில அடிபட்டு இது வந்தவங்களுக்கு, இயற்கை லென்ஸ எடுத்துட்டு செயற்கை லென்ஸ் வச்சிருக்காங்க, கேட்ராக்ட் ஆபரேஷன் மாதிரியேதான். தசை இறுகினாலும் வளைஞ்சு குடுக்க அங்க பழைய லென்ஸ் இருக்காது, அதனால தூரம் தெளிவாகும். ஆனா 25 வயசுல இத பண்ணா ஃபோகஸ் மாத்துற சக்தி அன்னியோட போச்சு, போன் பாக்கவே கண்ணாடி வேணும். கிட்டயும் தூரமும் தெரியுறதுக்கான மல்டிஃபோகல் லென்ஸ் வச்சா ராத்திரி விளக்க சுத்தி வட்டம் தெரியலாம். சின்ன வயசுல லென்ஸ எடுத்தா விழித்திரை விலகுற ஆபத்தும் கூடுது, இத யாரும் விளக்கமா சொல்றதில்ல. கண்ணு மூக்குப் பக்கம் இழுத்து ரெண்டு ரெண்டா தெரியுற தொந்தரவு கூடவே இருந்தா, லென்ஸ எடுத்தா அதுவும் போயிடும்னு சொல்ல முடியாது.

தசைய தளர்த்துற அட்ரோபின் டிராப்ஸும் படிக்க ப்ளஸ் கண்ணாடியும் குடுத்தா ரெண்டு வாரத்துல சலிச்சு விட்டுடாதீங்க, மாசக்கணக்கா ஆகலாம். ஆபரேஷன் தேதி குறிக்கிறதுக்கு முன்னாடி, டிராப்ஸ் விட்டு எடுத்த பவர் எவ்வளவுன்னு எழுதி வாங்குங்க, அந்த டெஸ்டே எடுக்கலன்னா வேற ஒரு டாக்டர்கிட்ட காட்டிட்டு முடிவு பண்ணுங்க.