மழைக்காட்டு இலை எத்தனை டிகிரி வரை தாங்கும்? அளந்து பார்க்கும் முறை

வெப்பமண்டல மரங்களின் இலைகளில் ஒளிச்சேர்க்கை அமைப்பு சராசரியாக 46.7 டிகிரி செல்சியஸில் பழுதாகத் தொடங்கும் என்கிறது 2023இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு. இது இலையின் சூடு, காற்றின் சூடு அல்ல. ஆனைமலைக் காட்டில் காற்று அவ்வளவு சூடாகாது. ஆனால் உச்சி வெயிலில் காற்று அசையாமல் நின்று, இலைத்துளைகளும் மூடிக்கொண்டால், இலை காற்றைவிடப் பல டிகிரி சூடேறிவிடும்.

வெடிப்பலாவையும் வட்டக்கண்ணியையும் ஒப்பிடுவதாக வைத்துக்கொள்வோம். முன்னது அடர்காட்டு மரம். பின்னது வெட்டவெளியில் முதலில் முளைப்பது. புலிகள் காப்பகத்துக்குள் என்றால் வனத்துறை அனுமதி வாங்காமல் ஓர் இலையையும் பறிக்கக் கூடாது.

காலையிலேயே நீளத் தொரட்டியால் வெயில் படும் கிளையை அறுத்தெடுங்கள். கொழுந்து வேண்டாம், பழுத்ததும் வேண்டாம். முழுதாக விரிந்து முற்றிய இலைதான் வேண்டும். ஈரத் துணியோடு ஸிப்லாக் பையில் போட்டு நிழலில் கொண்டுவாருங்கள். ஐஸ் மேல் வைத்தால் குளிரே இலையைக் கெடுத்துவிடும்.

நடுநரம்பைத் தவிர்த்து 2 செ.மீ. வட்டில்களாக வெட்டுங்கள். இவற்றை வெவ்வேறு சூட்டில் வைக்கப் போகிறோம். 25 டிகிரி ஒப்பீட்டுக்கு. பிறகு 38 முதல் 54 வரை இரண்டிரண்டு டிகிரியாக ஒன்பது படிகள். படிக்கு 6 என்றால் ஒரு மரவகைக்கு 60 வட்டில். வட்டக்கண்ணி இலை அகலமானது, ஒரே இலையில் நிறைய வெட்டலாம் என்று ஆசை வரும். வெட்டாதீர்கள்: அந்த ஓர் இலையின் குணம்தான் அளவாக வரும். பல மரங்களின் இலைகளை எல்லாப் படிகளுக்கும் கலந்து பிரியுங்கள்.

ஈரத் துணியில் வட்டிலைப் பொதிந்து, மெல்லிய பையில் காற்றில்லாமல் அடைத்து, வாட்டர் பாத்தில் (குறித்த சூட்டில் நீரை வைத்திருக்கும் தொட்டி) 15 நிமிடம் முழுக்குங்கள். பெரும்பாலும் சொதப்புவது இங்கேதான். பைக்குள் காற்றுக்குமிழி இருந்தால் பை மிதக்கும், வட்டில் சூடேறாது. பாத்தின் திரையோ 48 என்று காட்டிக்கொண்டிருக்கும். ஒரு பைக்குள் தெர்மோகப்பிள் (சூட்டை அளக்கும் கம்பி) முனையை வட்டிலை ஒட்டி வையுங்கள், அது காட்டும் எண்ணையே எழுதுங்கள்.

எடுத்ததும் அளக்காதீர்கள். ஈரத்தாள் விரித்த பெட்ரி தட்டில், அறைச் சூட்டில், மங்கிய வெளிச்சத்தில் 24 மணி நேரம் விடுங்கள். தற்காலிகத் தளர்ச்சி மீண்டுவிடும், நிலையான சேதம் மட்டும் மிஞ்சும். பிறகு 30 நிமிடம் இருட்டில் வைத்து, இலைப் பச்சையம் உமிழும் ஒளியை அளக்கும் ஃப்ளோரோமீட்டரில் மேற்புறத்தை அளங்கள். ஒளிச்சேர்க்கை அமைப்பின் நலத்தைக் காட்டும் எஃப்வி/எஃப்எம் என்ற விகிதம் நல்ல இலையில் 0.8ஐ ஒட்டி இருக்கும். 25 டிகிரி வட்டில்களே 0.75க்குக் கீழே போனால் அன்றைய தொகுதி முழுவதையும் கொட்டிவிடுங்கள். இலை வரும் வழியிலேயே வாடிவிட்டது.

சூட்டுக்கு எதிராக விகிதத்தை வரைந்து எஸ் வடிவ வளைகோட்டைப் பொருத்தினால், விகிதம் பாதியாகும் இடம்தான் டி50. அதன் பக்கத்தில் '15 நிமிடம்' என்றும் குறியுங்கள். நேரம் கூடினால் டி50 இறங்கும். அரை மணி முழுக்கியவரின் எண்ணோடு உங்களுடையதை ஒப்பிட முடியாது.

கடைசியாக, மரத்திலேயே இலைச் சூடு. நூல் மெலிவான தெர்மோகப்பிளை இலையின் அடிப்புறத்தில் தொட்டபடி ஒட்டி, வறண்ட மாதங்களில் நிமிடத்துக்கொரு முறை பதியுங்கள். தடித்த கம்பி சூட்டைக் கடத்திக் குறைத்துக் காட்டும். சேத எல்லைக்கு இலை எவ்வளவு நெருங்குகிறது என்று அறிய, டி50இலிருந்து கழிக்க வேண்டியது பகல் சராசரியை அல்ல, பதிவான உச்சத்தை.