ஒரு பாயிண்ட் போனால் ‘நான்’ போய்விடவில்லை

2014இல் நம் சிங்கப்பூர் உள்ளரங்கில் நடந்த டபிள்யூடிஏ பைனல்ஸ் என்ற மகளிர் டென்னிஸ் போட்டியில் செரீனா வில்லியம்ஸ் குழுச் சுற்றில் சிமோனா ஹாலெப்பிடம் 0-6, 2-6 எனத் தோற்றார், அப்புறம் சில நாட்களிலேயே இறுதி ஆட்டத்தில் அதே ஹாலெப்பை 6-3, 6-0 என்று வீழ்த்திக் கோப்பையை வென்றார். ஆட்டம்தான் தோற்றது, ‘நான் யார்’ என்பது அசையவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

காலாங்கில் ஆடும் பிள்ளைகளே, பாயிண்ட் போனதும் ‘எனக்கு பேக்ஹேண்ட் வராது’ என்று முணுமுணுக்காதீர்கள். ‘அந்தப் பந்துக்குத் தாமதமாகப் போனேன்’ என்று நடந்ததை மட்டும் சொல்லுங்கள். பெரிய போட்டிகளில் அடுத்த சர்வுக்கு 25 வினாடி தருகிறார்கள். வலைக்கு முதுகைத் திருப்பி, மூச்சை மெதுவாக விட்டு, பந்தை எங்கே போடுவது என்று முடிவு செய்துவிட்டுக் கோட்டுக்கு வர அது தாராளம்.

பெற்றோரே, வீட்டுக்குப் போகும்போது முதல் கேள்வி ஸ்கோராக இருக்க வேண்டாம், சரியா?