ஹத்து பத்துதான், எயிட் எட்டு இல்லை

பெங்களூருக்குக் குடிவந்த முதல் மாதமே யாராவது இந்தக் கதையைச் சொல்லிவிடுவார்கள். வேட்டையில் வழி தவறிய ஹொய்சள ராஜா வீர வல்லாளனுக்கு ஒரு கிழவி வேகவைத்த பயறு கொடுத்தாளாம். அதனால் ஊர் 'பெந்த காளூரு', அதுவே பெங்களூரு. நம் ஆட்களுக்குக் கதை இன்னும் இனிக்கும். கன்னட 'பெந்த' நம் 'வெந்த' தானே! அது உண்மைதான். கதைதான் நிற்காது. இரண்டாம் வீர வல்லாளன் பட்டமேறியது 1173இல். ஓசூர் ரோட்டுப் பக்கம் பேகூர்க் கோயிலில் உள்ள கல்வெட்டோ சுமார் கி.பி. 890இலேயே 'பெங்களூரு' என்கிறது. ராஜா பிறக்கும் முன்பே ஊருக்குப் பெயர் இருந்திருக்கிறது. கதையை ரசியுங்கள், ஆனால் தேதியைக் கேட்காமல் நம்பாதீர்கள்.

சொல்லுக்குச் சொல் உறவு தேடுவதில் அடுத்த தவறு, இன்றைய உருவத்தை மட்டும் பார்ப்பது. அல்சூர் ஏரிக்கரையில் என்னோடு நடக்கும் அண்ணன் ஒருவர் 'எட்டுதான் எயிட் ஆச்சு' என்று சத்தியமே செய்வார். எயிட்டோடு பிறந்தவை ஜெர்மனின் 'ஆஹ்ட்', லத்தீனின் 'ஒக்டோ', சம்ஸ்கிருதத்தின் 'அஷ்ட'. நம் எட்டுக்கு வேர் 'எண்'. எண்பது, எண்ணூறு என்பவற்றில் அது அப்படியே இருக்கிறது, கன்னடக்காரர் இன்றும் 'எண்ட்டு' என்கிறார். உறவுச் சொற்கள் என்றால் காலத்தில் பின்னோக்கிப் போகப் போக நெருங்க வேண்டும். இவை விலகுகின்றன.

சரி, உண்மையான உறவை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு சொல் ஒத்துப்போனால் போதாது, வரிசையாக ஒத்துப்போக வேண்டும். பஸ் கண்டக்டர் கேட்கும் 'ஹத்து' ரூபாய் நம் பத்து. பால் ஹாலு, புலி ஹுலி, பல் ஹல்லு. தமிழில் முதலெழுத்து ப என்றால் கன்னடத்தில் ஹ. வ வந்தால் பெங்களூருவில் ஒலிக்கும் அந்த ப: வா பா, வேர் பேரு, வெந்த பெந்த. இப்படி வரிசை கிடைத்தால் அது தற்செயல் இல்லை.

இங்கேதான் நம்மவர் பெரிதாகச் சறுக்குவது. 'பார்த்தீங்களா, தமிழ் திரிந்துதான் கன்னடம் ஆனது' என்பார்கள். பழங்கன்னடத்திலும் 'பால்' தான். ஹ பிறகு அவர்கள் வீட்டுக்குள்ளேயே நடந்த மாற்றம். நம் வீட்டிலும் மாற்றம் நடந்திருக்கிறது. காதுக்குக் கன்னடத்தில் 'கிவி', நமக்குச் 'செவி'. சிவப்புக்கு அங்கே 'கெம்பு', இங்கே செம்மை. இந்த வரிசையில் பழைய ஒலி க; அதைக் காப்பாற்றியது கன்னடம், சகரமாக்கியது நாம். கிளி, கிணறு மட்டும் ஏன் தப்பின? பின்னால் ள, ண போல நாக்கை வளைக்கும் எழுத்து வந்தால் க மாறவில்லை. விலக்குக்கும் ஒரு விதி! இதைக் கேட்டுவிட்டு அண்ணன் ஒரு சுற்று பேசாமலே நடந்தார். ஆக, அக்காள் தங்கை மொழிகள் என்றால் அம்மா வேறு ஆள்.

மூன்றாவது ஆளை மறப்பதும் உண்டு. நம் 'சாவி'யை இந்திக்காரர் 'சாபி' ஆக்கிக்கொண்டார்கள் என்பார் ஒருவர், நேர்மாறாகச் சொல்வார் இன்னொருவர். இருவருக்கும் அது போர்ச்சுக்கீசிய 'ஷாவி' கொடுத்தது. ஜன்னலும் அந்தக் கப்பலில் வந்ததுதான்.

அப்புறம் 'காசுதான் கேஷ்' என்ற வாதம். இதில் பாதி சரி, அதனால்தான் ஆபத்து. ஆங்கிலத்தில் ஒரே எழுத்துக்கூட்டலில் இரண்டு கேஷ் உண்டு. கீழை நாடுகளின் சில்லறை நாணயத்தைக் குறித்த கேஷ், போர்ச்சுக்கீசியர் வாய்வழி போன நம் காசு. ரொக்கத்தைக் குறிக்கும் கேஷ் லத்தீன் 'கப்ஸா'வின் வழிவந்தது. அதற்குப் பெட்டி என்று பொருள். சிவாஜிநகர் கடையில் 'கேஷா, யூபிஐயா?' என்று கேட்கிறார்களே, அது அந்தப் பெட்டி.