கேமிங் கணினிக்குத் தனி சவுண்ட் கார்டு வேண்டுமா? வாங்கும் முன் இதைச் செய்து பாருங்கள்

இரண்டு மாதமாக என் ஹெட்செட்டில் மெல்லிய இரைச்சல் ஒன்று கேட்டுக்கொண்டிருந்தது. டெஸ்க்டாப்பில் சும்மா இருந்தால் அடங்கியிருக்கும். வேலரன்ட் கேமைத் திறந்ததும் கிளம்பிவிடும். மவுஸை வேகமாகத் திருப்பினால் அந்த வேகத்துக்கே கீச்சிடும். கடையில் கேட்டதற்கு, "தனியா ஒரு சவுண்ட் கார்டு போட்டுடுங்க" என்றார்கள். மதர்போர்டிலேயே இருக்கும் ஒலி சிப்பின் வேலையைத் தானே எடுத்துச் செய்யும் அட்டை அது. நாலாயிரம் ரூபாயில் ஒரு கார்டைத் தேர்ந்தெடுத்தும் வைத்துவிட்டேன். கடைசியில் காசே செலவில்லாமல் சரியானது. எப்படி என்று வரிசையாகச் சொல்கிறேன். ஆடியோ டிரைவரை ஏற்கெனவே போட்டிருப்பீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: ஒலி எந்த வழியாக வருகிறது?

யூஎஸ்பி ஹெட்செட், வயர்லெஸ் டாங்கிள் (கணினியில் செருகும் சின்ன ரிசீவர்), புளூடூத் இவற்றில் எதைப் பயன்படுத்தினாலும் டிஜிட்டல் ஒலியைக் காதுக்கு ஏற்றபடி மாற்றும் சிப் ஹெட்செட்டுக்கு உள்ளேயோ அதன் டாங்கிளிலோதான் இருக்கிறது. எச்டிஎம்ஐ வழியாக மானிட்டர் ஸ்பீக்கரில் கேட்டால், ஒலி கிராபிக்ஸ் கார்டு வழியாகப் போய்விடுகிறது. இந்த இரண்டு வகையிலும் நீங்கள் வாங்கும் சவுண்ட் கார்டு வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கும். வாங்க வேண்டாம். 3.5 மி.மீ. ஜாக்கில் செருகிக் கேட்பவர்கள் மட்டும் அடுத்த படிக்கு வாருங்கள்.

படி 2: முன் ஜாக்கிலிருந்து பின் ஜாக்குக்கு மாறுங்கள்

நான் தடுமாறிய இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கேபினட்டின் முன்பக்க ஜாக்கிலிருந்து கிளம்பும் மெல்லிய வயர் கேபினட்டுக்குள் ஓடி, பெரும்பாலான மதர்போர்டுகளில் கீழ் மூலையில் உள்ள ஆடியோ பின்களில் போய்ச் சேர்கிறது. போகிற வழியில் கிராபிக்ஸ் கார்டுக்கு அடியிலோ பக்கத்திலோ கடக்கிறது. கேம் ஓடும்போது கிராபிக்ஸ் கார்டு இழுக்கும் மின்சாரம் நொடிக்கு நொடி ஏறி இறங்கும். சரியான கவசம் இல்லாத வயர் அந்த ஏற்ற இறக்கத்தை வாங்கிக் காதுக்கு அனுப்புகிறது. மவுஸைத் திருப்பும்போது சத்தம் மாறியதற்குக் காரணம் அதுதான். மதர்போர்டின் ஒலி சிப் நன்றாகத்தான் இருந்தது, வயர்தான் இரைச்சலைப் பிடித்துக்கொண்டிருந்தது.

அதே கேம், அதே வால்யூம், அதே ஹெட்செட். ஜாக்கை மட்டும் பின்னால் மதர்போர்டிலுள்ள பச்சைத் துளைக்கு மாற்றுங்கள். எனக்கு இரைச்சல் அந்த நிமிடமே போய்விட்டது.

ஒரு விஷயத்தை மட்டும் கவனியுங்கள். ஹெட்செட்டில் ஒரே பிளக்கும் அதில் மூன்று கறுப்பு வளையங்களும் இருந்தால், பச்சைத் துளையில் பாட்டு கேட்கும், மைக் வேலை செய்யாது. ஹெட்போனுக்கு ஒன்று, மைக்குக்கு ஒன்று என்று பிரிக்கும் ஒய் ஸ்ப்ளிட்டர் வேண்டும். இது தெரியாமல் மைக் போய்விட்டது என்று ஒரு நாள் முழுக்க டிரைவரை மாற்றி மாற்றிப் போட்டேன். வயர் எட்டவில்லை என்றால் எக்ஸ்டென்ஷன் வயர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 3: ஹெட்செட்டைக் கழற்றிவிட்டுக் கேளுங்கள்

கழற்றிய பிறகும் கீச்சொலி வந்தால் அது கேபினட்டுக்குள்ளிருந்தே வருகிறது. கிராபிக்ஸ் கார்டின் காயில்களும் (கம்பிச்சுருள்கள்) கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டியும் சுமை ஏறும்போது அதிர்ந்து எழுப்பும் சத்தம் அது. எந்த சவுண்ட் கார்டாலும் அதை நிறுத்த முடியாது. கேமில் எஃப்பிஎஸ்ஸுக்கு (நொடிக்கு எத்தனை படம் என்ற கணக்கு) வரம்பு வைத்தால் பெரும்பாலும் குறையும்.

படி 4: எர்த்

கேபினட்டின் இரும்புப் பகுதியில் புறங்கையை வைத்தால் சுருக்கென்று இருக்கிறதா? அப்படியானால் சாக்கெட்டில் எர்த் இணைப்பு சரியில்லாமல் இருக்கலாம். மூன்று பின் பிளக்கை இரண்டு பின் அடாப்டரில் செருகி ஓட்டும் வீடுகள் நம்மூரில் நிறைய. எஸ்எம்பிஎஸ்ஸின் வடிகட்டிகள் வழியாகக் கசியும் சிறிய மின்னோட்டம் பூமிக்குப் போக வழியில்லாமல் கேபினட்டில் நிற்கிறது. ஹெட்செட்டில் இரைச்சலாகவும் அது வரும். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுச் சரிசெய்யுங்கள். இது ஒலிக்காக மட்டுமல்ல, உங்கள் பாதுகாப்புக்கும்தான்.

படி 5: வால்யூம் போதுமா?

ஹெட்போனின் மின்தடையை ஓமில் சொல்வார்கள்; அது கூடினால் பொதுவாக ஓட்டுவது கடினம். பெரும்பாலான கேமிங் ஹெட்செட்டுகள் 32 ஓம் அளவில் இருக்கும். இன்றைய சாதாரண மதர்போர்டே அவற்றை நன்றாக ஓட்டும். பெயர்டைனமிக் டிடி 990 புரோவின் 250 ஓம் வகை போன்ற ஹெட்போன் வைத்திருந்து, வால்யூமை 100-இல் வைத்தும் போதவில்லை என்றால், உங்களுக்கு உண்மையிலேயே தனிக் கருவி தேவை.

படி 6: காலடிச் சத்தம்

எதிரி எந்தப் பக்கம் வருகிறான் என்று கேட்பதற்காகக் கார்டு வாங்க நினைப்பவர்கள் அதிகம். ஒரு காலத்தில் அது நியாயமான யோசனை. முப்பரிமாண ஒலியின் கணக்கை சவுண்ட் பிளாஸ்டர் போன்ற கார்டுகள் செய்து கொடுத்தன. 2007-இல் வந்த விண்டோஸ் விஸ்டா, டைரக்ட்சவுண்ட் என்ற விண்டோஸின் ஒலி மென்பொருள் வழியாகக் கார்டு செய்த அந்த வேலையை எடுத்துவிட்டது. இன்று கேமே பிராசஸரில் அந்தக் கணக்கைப் போட்டுக்கொள்கிறது. வேலரன்ட்டில் எச்ஆர்டிஎஃப்பை (ஹெட்செட்டில் ஒலியின் திசையைக் காட்டும் அமைப்பு) ஆன் செய்யுங்கள். அப்புறம் அதே மாதிரி வேலை செய்யும் விண்டோஸ் சோனிக், ஹெட்செட் மென்பொருளின் 7.1 எல்லாவற்றையும் ஆஃப் செய்யுங்கள். ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டால் திசை குழம்பிவிடும்.

இவ்வளவுக்குப் பிறகும் வேண்டுமென்றால்

கேபினட்டுக்குள் போடும் கார்டை நான் பரிந்துரைக்க மாட்டேன். இரைச்சல் கிளப்பும் கிராபிக்ஸ் கார்டுக்குப் பக்கத்திலேயே அதைச் செருக வேண்டும், சின்ன மதர்போர்டில் காற்றோட்டத்தையும் அடைக்கும். வெளியே வைக்கும் யூஎஸ்பி டிஏசி (டிஜிட்டல் ஒலியைக் காதுக்கு ஏற்றபடி மாற்றும் கருவி) வாங்குங்கள். மடிக்கணினிக்கும் மாற்றிக்கொள்ளலாம். சாதாரண ஹெட்செட்டுக்கு யூஎஸ்பி-சி துளையை 3.5 மி.மீ. ஜாக்காக மாற்றும் ஆப்பிளின் டாங்கிளே விண்டோஸில் அழகாக வேலை செய்கிறது, மைக்கும் எடுக்கும். 250 ஓம் ஹெட்போனுக்கு அது போதாது. ஆம்ப்ளிஃபயர் சேர்ந்த டிஏசிதான் வேண்டும்.

பின்சேர்க்கை: பின் ஜாக்குக்கு மாற்றியும் ஸ்பீக்கரில் "ம்ம்ம்" என்று உறுமுகிறது என்று சிலர் எழுதியிருந்தார்கள். ஸ்பீக்கர் ஆனில் இருக்கும்போது ஆடியோ வயரைக் கணினியிலிருந்து மட்டும் உருவுங்கள். உறுமல் நின்றால் அது கிரவுண்ட் லூப். கணினிக்கும் ஸ்பீக்கருக்கும் தனித்தனி வழியில் எர்த் கிடைப்பதால் வருவது. முதலில் இரண்டையும் ஒரே ஸ்பைக் பஸ்டரில் செருகிப் பாருங்கள். போகவில்லை என்றால் ஆடியோ வயரின் நடுவே, அந்த எர்த் இணைப்பைப் பிரிக்கும் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் போடுங்கள். இதற்கென்று யூஎஸ்பி டிஏசி வாங்கினால் ஏமாந்துபோவீர்கள், யூஎஸ்பி வயரிலும் அதே கிரவுண்ட் ஓடுகிறது. எர்த் பின்னை மட்டும் தயவுசெய்து உடைக்காதீர்கள்.