வயதான பெற்றோர் தனியாக இருக்கும் வீட்டுக்கு ஒரு குறிப்பு

சென்னை, கோவை மாதிரி ஊர்களில் பிள்ளைகள் வெளியூரில், பெற்றோர் மட்டும் ஃபிளாட்டில் என்ற நிலை சகஜமாகிவிட்டது. அப்படிப்பட்டவர்கள் முதலில் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வரும். நடக்க முடியாதவர்களுக்கு பிசியோதெரபியும், படுக்கையில் இருப்பவர்களுக்கு நோய் தணிப்புச் சிகிச்சையும் உண்டு. ‘நமக்கெல்லாம் கிடைக்காது’ என்று கேட்காமலே இருந்துவிடாதீர்கள்.

ஏஜென்சி மூலம் ஆள் வைப்பதாக இருந்தால், அட்டெண்டரா நர்ஸா என்பதைத் தெளிவாகக் கேளுங்கள். இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, நடக்கத் துணை நிற்பது அட்டெண்டர் வேலை. இன்சுலின் ஊசி, மூக்குக் குழாய் வழி உணவு, சிறுநீர்க் குழாய் என்றால் பயிற்சி பெற்ற நர்ஸ்தான் வேண்டும். கட்டணம் கூடினாலும் இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது. அடையாள அட்டை நகல், போலீஸ் சரிபார்ப்பு, விடுப்பு எடுத்தால் மாற்று ஆள் யார் என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மாத்திரைப் பட்டியலை, வேளையோடு, பெரிய எழுத்தில் ஃபிரிட்ஜ் மேல் ஒட்டுங்கள். அதன் கீழேயே 108 ஆம்புலன்ஸ் எண்ணும், முதியோர் உதவி எண் 14567-ம். ஓய்வூதியச் சந்தேகம், சட்ட ஆலோசனை, வீட்டில் யாராவது கொடுமைப்படுத்துவது எதுவானாலும் 14567-ல் சொல்லலாம், இலவசம். அம்மா அப்பாவையே ஒருமுறை அழைத்துப் பேச வையுங்கள், தயக்கம் போய்விடும்.