போதும் என்று சொல்லப் பழகுவது எப்படி

அப்போஸ்தலன் பவுல் பிலிப்பி ஊர்ச் சபையாருக்குக் கடிதம் எழுதியபோது காவலில் இருந்தார். அங்கிருந்துதான் 'மனரம்மியமாயிருக்கக் கற்றுக்கொண்டேன்', அதாவது மனநிறைவோடு இருக்கக் கற்றுக்கொண்டேன், என்கிறார் (பிலிப்பியர் 4:11). கற்றுக்கொண்டேன் என்ற சொல்லைக் கவனியுங்கள், அது பிறவிக் குணம் இல்லை, பழகினால் வரும்.

முதலில் 1 தீமோத்தேயு 6:8-ஐக் கையால் எழுதி அரிசி டப்பா மூடியில் ஒட்டுங்கள்: 'உண்ணவும் உடுக்கவும் நமக்கு உண்டாயிருந்தால் அது போதுமென்றிருக்கக்கடவோம்.' காலையில் அரிசி அளக்கும்போது, டம்ளர் கையில் இருக்கும்போதே, அந்த அரிசிக்காக மட்டும் ஆண்டவருக்கு நன்றி சொல்லுங்கள். மற்ற விண்ணப்பமெல்லாம் அப்புறம்.

ஏதாவது வாங்கத் தோன்றினால் ஒரு நோட்டில் விலையோடு எழுதி, அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து எடுத்துப் பாருங்கள், பலவற்றை நீங்களே அடித்துவிடுவீர்கள். எனக்கு அதிகம் உதவியது இந்த நோட்டுதான். வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு ஆண்டவர் கொடுத்த உணவான மன்னாவை மறுநாளைக்கென்று சிலர் மீதி வைத்தபோது அது பூச்சி பிடித்து நாறியது யாத்திராகமம் 16-ல் இருக்கிறது. சேமிப்பு தப்பு என்று சொல்லவில்லை, பிள்ளைகளின் ஃபீஸுக்கு எடுத்துவைக்கத்தான் வேண்டும், ஆனால் நோட்டில் அடித்த பொருளின் விலையில் கொஞ்சமாவது வாடகைக்குத் தவிக்கிற ஒரு வீட்டுக்குச் சத்தமில்லாமல் போகட்டும். அவர்களிடம் தயவுசெய்து அரிசி டப்பாவில் ஒட்டிய அந்த வசனத்தைச் சொல்லாதீர்கள். அரிசி வாங்கிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.